சாவியைக் கொடுக்காத உபகாரம்

வருஷத்துக்கு ஒரு முறை உலகத்தின் ஏதோ ஒரு பெரிய நகரத்தில் மகாநாடு கூடுகிறது. ஏறத்தாழ இருநூறு தேசங்களின் பிரதிநிதிகள் வந்து உட்கார்ந்து, பூமி சூடேறுவதைத் தடுப்பது எப்படி என்று இரவு பகலாகப் பேசுகிறார்கள். கடைசியில் ஓர் அறிக்கை வெளிவருகிறது. அந்த அறிக்கையில் தவறாமல் இடம்பெறுகிற ஒரு சொல் உண்டு: ‘தொழில்நுட்பப் பகிர்வு’. கரியும் எண்ணெயும் எரிக்காமலோ, குறைவாக எரித்தோ வேலை செய்யும் யந்திரங்களைப் பணக்கார நாடுகள் கண்டுபிடிக்குமாம். கண்டுபிடித்ததை ஏழை நாடுகளோடு பகிர்ந்துகொள்ளுமாம். கேட்கக் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது.

எனக்கு அந்தச் சொல்லோடுதான் சண்டை.

எங்கள் திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். நாகல் நகரிலும், குரும்பபட்டி, யாகப்பன்பட்டி பக்கத்திலும் தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, லீவர்களை ஒவ்வொன்றாகப் பொருத்திக் கையாலேயே பூட்டுச் செய்த குடும்பங்கள் எத்தனையோ. 2019-ல் இந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அலிகார் பூட்டின் மலிவு விலைக்கு முன்னால் தொழில் இளைத்துப் போன பிறகு கிடைத்த கௌரவம் அது. இருந்தாலும் கௌரவம் கௌரவந்தான். இந்தத் தொழிலில் எழுதி வைக்காத தர்மம் ஒன்று உண்டு. பூட்டை வாங்குகிறவன் கையில் சாவியும் சேர்ந்து போகும். பூட்டை விற்றுவிட்டுச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, ‘திறக்க வேண்டியபோதெல்லாம் என்னைக் கூப்பிடு, கூலி கொடு, வந்து திறந்துவிட்டுப் போகிறேன்’ என்று சொல்கிற ஆசாரியை ஊரார் என்ன செய்வார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சர்வதேச ஒத்துழைப்பு என்ற பெயரில் இன்று நடப்பதில் பெரும்பகுதி அந்த வியாபாரந்தான். யந்திரம் வருகிறது. அதைத் திறந்து பார்க்கிற உரிமை வருவதில்லை.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த விவகாரம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கதையில் வருகிற மனிதர்கள் சோறு தின்கிறார்கள். அந்தச் சோறு கிணற்றுத் தண்ணீரில் விளைகிறது. இந்தச் சீமையைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேற்கே கொடைக்கானல் மலை, தென்கிழக்கே சிறுமலை. இரண்டிலும் மேகம் தங்கும். நடுவில் கிடக்கிற சமவெளி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகிற காய்கறியும், நிலக்கோட்டை மல்லிகையும், வேடசந்தூர்ப் பக்கத்துச் சோளமும் ஆற்றுப் பாசனத்தை நம்பி விளைவது கொஞ்சம். கிணற்றையும் ஆழ்குழாயையும் நம்பி விளைவதே அதிகம். கிணறு மோட்டாரை நம்பியிருக்கிறது. மோட்டார் மின்சாரத்தை நம்பியிருக்கிறது. மின்சாரத்தில் ஒரு பெரும் பங்கு இன்னமும் நிலக்கரியிலிருந்தும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலிருந்தும் வருகிறது. அந்தப் புகை வானத்தைச் சூடாக்குகிறது. சூடான வானம் மழையைத் தாறுமாறாக்குகிறது. மழை தவறினால் கிணறு வற்றுகிறது. வற்றிய கிணற்றில் இன்னும் ஆழத்திலிருந்து இறைக்க இன்னும் அதிக மின்சாரம் வேண்டும். தன் வாலைத் தானே விழுங்குகிற பாம்பு இது.

ஆகையால் புகையில்லாத மின்சாரம் எங்களுக்கு நாகரிக மோகமல்ல, ஜீவனப் பிரச்சினை. அது எங்கிருந்து வருகிறது, எந்த நிபந்தனையில் வருகிறது என்று கேட்க எழுத்தாளனுக்கு உரிமை உண்டு. சம்சாரிக்கு அதைவிட உரிமை உண்டு.

முதலில், கொடுத்த வாக்கு என்னவென்று பார்ப்போம். 1992-ல் ரியோ டி ஜெனிரோவில் உலக நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் நான்காவது விதியில், பணக்கார நாடுகள் புகை குறைந்த தொழில்நுட்பத்தை மற்ற நாடுகளுக்கு மாற்றிக் கொடுக்கவும் அதற்குப் பணம் கொடுக்கவும் தங்களால் இயன்ற எல்லா நடவடிக்கையும் எடுக்கும் என்று எழுதியிருக்கிறது. கூடவே ‘பொருத்தமான அளவில்’ என்ற பொருள்பட ஒரு சொல்லையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வக்கீல் வீட்டில் பிறந்த சொல் அது! எது பொருத்தம் என்று தீர்மானிக்கிறவன் கொடுக்கிறவனே அல்லவா?

பதினெட்டு வருஷம் கழித்து, 2010-ல் மெக்ஸிகோவின் கான்கூன் நகரத்தில் கூடியபோது ‘தொழில்நுட்ப அமைப்பு’ என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். கொள்கை பேச ஒரு குழு, ஆலோசனை சொல்ல ஒரு மையம். 2015-ல் பாரிஸ் உடன்படிக்கையின் பத்தாவது விதி அதே பேச்சை மறுபடியும் பேசியது. இந்தியாவும் வேறு பல நாடுகளும் காப்புரிமைப் பிரச்சினையைப் பேச வேண்டும் என்று பல மகாநாடுகளில் மன்றாடின. பத்தாவது விதியைத் தேடிப் படித்துப் பாருங்கள்: காப்புரிமை என்ற வார்த்தையே அதில் இல்லை. கல்யாணப் பத்திரிகை அச்சடித்தார்கள். மாப்பிள்ளை பெயரைப் போட மறந்துவிட்டார்கள்!

அதே 2015-ல், இருபது நாடுகள் சேர்ந்து, புகையில்லாத சக்திக்கான ஆராய்ச்சிச் செலவை ஐந்து வருஷத்தில் இரட்டிப்பாக்குவதாகவும் அறிவித்தன. நல்லது. ஆனால் ஒவ்வொரு நாடும் தன் பணத்தைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு தன் கம்பெனிகளுக்கே செலவழிப்பதற்குக் கூட்டு முயற்சி என்று எப்படிப் பெயர் வரும்?

இப்படிச் சொல்வதால் பகிர்வு என்பதே சாத்தியமில்லாத கனவு என்று நான் வாதாடுவதாக எண்ணிவிட வேண்டாம். சாத்தியமானது, நடந்தது. நடந்த கதை நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள முதலில் டென்மார்க்குக்குப் போக வேண்டும்.

1973-ல் எண்ணெய் விலை உலகத்தை உலுக்கியபோது அந்தச் சின்னஞ்சிறு தேசம் ஏறக்குறைய முழுவதும் இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. அப்போது அங்கே காற்றாடி செய்யத் தொடங்கியவர்கள் யார்? ரீஸாகர் என்ற ஒரு தச்சர். யோர்கன்ஸன் என்ற ஒரு கொல்லர். அவரோடு சேர்ந்துகொண்ட ஸ்டீஸ்டால் என்ற இளைஞர். இந்த இருவரும் செய்த காற்றாலை அமைப்பைத்தான் 1979-ல் வெஸ்டாஸ் கம்பெனி உரிமம் பெற்று வாங்கியது. அந்த வெஸ்டாஸே 1898-ல் லெம் என்ற ஊரில் ஒரு கொல்லுப்பட்டறையாகப் பிறந்த கம்பெனிதான். இன்று உலகத்தின் மிகப் பெரிய காற்றாலைக் கம்பெனிகளில் ஒன்று. நாகல் நகர் ஆசாரிக்கும் லெம் ஊர் ஆசாரிக்கும் கையில் இருந்த சுத்தியல் ஒரே சுத்தியல்தான்.

வித்தியாசம் எங்கே வந்தது? அந்த ஊர்க்காரர்கள் கற்றதை ஒளிக்கவில்லை. ட்விண்ட் என்ற இடத்தில் பள்ளிக்கூட ஆசிரியர்களும் தொண்டர்களும் 1975 முதல் 1978 வரை பாடுபட்டு, அந்த நாளில் உலகத்திலேயே பெரியதான ஒரு காற்றாலையைத் தாங்களே கட்டி எழுப்பினார்கள். அதன் இறக்கை செய்த முறையை மற்றவர்களுக்கும் காட்டினார்கள். காற்றாலைச் சொந்தக்காரர்கள் ஒரு சங்கம் வைத்து, எந்த யந்திரம் எவ்வளவு மின்சாரம் கொடுத்தது, எது எப்படிப் பழுதானது என்று பத்திரிகையிலேயே அச்சிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், தன் சரக்கின் குறை பத்திரிகையில் வருவதை எந்த முதலாளி விரும்புவான்? ஆனால் அந்தக் குறையைப் படித்த அடுத்த ஊர்க் கொல்லன் தன் யந்திரத்தில் அதைத் திருத்திக்கொண்டான். சர்க்கார் 1978-ல் ரிஸோ என்ற இடத்தில் பரிசோதனை நிலையம் வைத்து எல்லோருடைய யந்திரத்தையும் சோதித்துக் கொடுத்தது. டென்மார்க்கின் காற்றாலைத் தொழில் இப்படித்தான் வளர்ந்தது: சாவி ஊரில் எல்லோர் கையிலும் இருந்தது.

அந்தப் பழக்கத்தோடு அவர்கள் இங்கே வந்தார்கள். 1986-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் மாதிரிக் காற்றாலைகள் நின்றன. அடுத்த சில வருஷங்களில் டென்மார்க் சர்க்காரின் உதவியோடு கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் எழுந்தன. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாற்றை நான் சொல்கிறேன். கும்பினியான் வந்து கயிறு மாட்டிய மண்ணில், வேறொரு வெள்ளைக்காரன் வந்து காற்றாடி மாட்டினான். சரித்திரம் சில சமயம் தன் கணக்கைத் தானே நேர் செய்துகொள்கிறது.

அந்த உதவியின் சிறப்பு யந்திரத்தோடு நிற்கவில்லை. கயத்தாற்றில் காற்றாலைப் பரிசோதனை நிலையம் வந்தது. 1998-ல் சென்னையில் காற்றாலைத் தொழில்நுட்ப மையம் தொடங்கியபோதும் டென்மார்க்கின் துணை இருந்தது. இன்று அது தேசியக் காற்றுசக்தி நிறுவனம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்த ஊரில் எவ்வளவு காற்று வீசுகிறது என்ற கணக்கை இந்திய விஞ்ஞானி அன்னா மணி அம்மையார் திரட்டி 1983-லேயே புத்தகமாகக் கொண்டுவந்திருந்தார். பீருமேட்டில் பிறந்த அந்த அம்மையார், அளந்த காற்றைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை, அச்சுப் போட்டார். அளவு இந்த நாட்டுடையது, யந்திரம் அந்த நாட்டுடையது, சோதிக்கிற அறிவு இரண்டு பேருடையது. இதற்குப் பெயர் ஒத்துழைப்பு. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. நம் ஜில்லாவின் நூற்பாலைகள் உட்பட எத்தனையோ மில்களில் கதிர் சுற்றுவதற்கு ஆடி மாதக் காற்று காரணமாக இருக்கிறது என்றால் அதற்கு விதை அங்கே விழுந்தது.

இனி மறு பக்கத்தையும் பார்க்கலாம்.

1994-ல் எனர்கான் என்ற ஜெர்மன் கம்பெனியும் இந்தியக் குடும்பம் ஒன்றும் சேர்ந்து இங்கே கூட்டுக் கம்பெனி தொடங்கின. பெரும் பங்கு ஜெர்மானியருக்கு. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியது. பிறகு சண்டை. யந்திரத்தின் நுட்பம் யாருக்குச் சொந்தம், எந்தப் பாகத்தை யார் கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டுக் கோர்ட்டாக ஏறினார்கள். 2010-ல் அந்நாளில் சென்னையில் இருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் ஜெர்மன் தரப்பின் காப்புரிமைகள் பன்னிரண்டை ரத்து செய்தது. 2014-ல் வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. இந்தியக் கம்பெனி பெயர் மாற்றிக்கொண்டது. 2018-ல் திவால் நடவடிக்கைக்குள் போயிற்று. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. வீட்டுப் பாகப் பிரிவினையில் அண்ணன் தம்பி அடித்துக்கொள்ளும்போது கொல்லையில் கட்டிய மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆளில்லாமல் போவதைப் பார்த்திருக்கிறோம். சாவி யாருடையது என்று முதலிலேயே எழுதி வைக்காத கூட்டுக்கு இதுதான் முடிவு.

இதில் ஒரு வேடிக்கை. இதே ஜெர்மன் கம்பெனி அமெரிக்கச் சந்தைக்குள் நுழையப் பார்த்தபோது, ஓர் அமெரிக்கக் கம்பெனியின் காப்புரிமையைக் காட்டி 1996-ல் அதன் யந்திரத்தை உள்ளே விடாமல் தடுத்தார்கள். மாமியாரிடம் பட்ட மருமகள், தான் மாமியாரானதும் மருமகளை நிம்மதியாக இருக்க விடுகிறாளா என்ன?

வெயில் விஷயத்துக்கு வருவோம். 2010-ல் இந்திய சர்க்கார் தேசியச் சூரியசக்தித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் ஒரு பகுதியில் இந்தியாவில் செய்த சூரியத் தகடுகளையே உபயோகிக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. 2013-ல் அமெரிக்கா உலக வர்த்தக ஸ்தாபனத்தில் புகார் செய்தது. 2016-ல் இந்தியாவுக்கு விரோதமாகத் தீர்ப்பு வந்தது. உள்நாட்டுச் சரக்குக்குச் சலுகை காட்டுவது வர்த்தக தர்மத்துக்கு விரோதமாம். சரி, தர்மம் தர்மந்தான் என்று தலையாட்டினோம். ஆறே வருஷத்தில், 2022-ல், அதே அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்காவில் செய்த சாமான்களை உபயோகித்துச் சூரிய மின்சாரம் தயாரித்தால் கூடுதல் வரிச் சலுகை! நம் வீட்டில் செய்தால் திருட்டு, அவர்கள் வீட்டில் செய்தால் தேசபக்தி. 2025 ஜனவரியில் பாரிஸ் உடன்படிக்கையிலிருந்தே மறுபடியும் விலகுவதாக அந்த நாடு அறிவித்துவிட்டது. தர்ம உபதேசம் செய்தவர் மேடையை விட்டே இறங்கிப் போய்விட்டார்.

மேற்கத்திய நாடுகளை மட்டும் திட்டினால் கைதட்டல் சுலபமாகக் கிடைக்கும். எனக்கு அந்தக் கைதட்டல் வேண்டாம். கிழக்கையும் பாருங்கள்.

இன்று மின்சார வண்டிகளில் ஓடுகிற பாட்டரிகளில் ஒரு பெரும் பகுதி, லித்தியமும் இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு பொருளை ஆதாரமாகக் கொண்டது. அந்தப் பொருளைக் கண்டெடுத்தது அமெரிக்காவின் டெக்ஸாஸ் சர்வகலாசாலையில், குட்எனஃப் என்ற மேதையின் ஆராய்ச்சிக் கூடத்தில், 1990-களில். அதற்கு வழிகாட்டிய முந்தைய ஆராய்ச்சியில் அவரோடு தோள் கொடுத்தவர் தமிழ்நாட்டில் பிறந்து மதுரையிலும் சென்னையிலும் படித்த ஆறுமுகம் மந்திரம். 2019-ல் குட்எனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் பரிசு உரையை நிகழ்த்தியவரும் இவரே. மதுரைக்கு வடக்கே நாற்பது மைலில் இருக்கிற நமக்கு இதில் பெருமைப்பட உரிமை உண்டு. ஆனால் அந்தப் பாட்டரியை மலை மலையாகச் செய்து குவித்தவர்கள் சீனர்கள். எப்படி? காப்புரிமை வைத்திருந்தவர்கள், சீனாவுக்குள்ளேயே விற்றுக்கொண்டால் உரிமத் தொகை வேண்டாம் என்று அவர்களோடு ஏற்பாடு செய்துகொண்டார்கள். சாவி கைக்கு வந்தது. சீனத் தொழிலாளியும் இஞ்சினீயரும் இராப்பகலாக உழைத்துக் கற்றுக்கொண்டார்கள், விலையை இறக்கினார்கள், உலகமே பயனடைந்தது. நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

அப்படிக் கற்றுக்கொண்டவர்கள் பிறகு என்ன செய்தார்கள்? 2023 டிசம்பரில், காற்றாலைக்கும் மின்சார வண்டிக்கும் வேண்டிய காந்தங்களைச் செய்கிற அருமண் உலோகத் தொழில்நுட்பங்களை வெளிநாட்டுக்குக் கொடுக்கத் தடை போட்டார்கள். 2025 ஜூலையில் அந்தப் பாட்டரிப் பொருளைச் செய்கிற நுட்பத்துக்கும் கட்டுப்பாடு வைத்தார்கள். திறந்த கதவு வழியாக உள்ளே வந்தவர், உள்ளே வந்ததும் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார். வெள்ளைத் தோலுக்கும் மஞ்சள் தோலுக்கும் இதில் வித்தியாசமில்லை. பணத்துக்கு ஒரே தோல்.

‘கண்டுபிடித்தவனுக்குப் பலன் வேண்டாமா? மூளையைக் கசக்கி, முதலைப் போட்டு ஒருவன் கண்டுபிடித்ததை எல்லோரும் சும்மா எடுத்துக்கொண்டால் நாளைக்கு யார் கண்டுபிடிப்பார்கள்?’ என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. நானும் மூளையைக் கசக்கிப் பிழைக்கிறவன்தான். என் நாவலை அனுமதியில்லாமல் ஒருவர் அச்சிட்டு விற்றால் எனக்கும் வயிறு எரியும். ஆனால் என் நாவலைப் படிக்கிற ஒரு பையன், ‘இந்த அத்தியாயத்தை இவன் எப்படிக் கட்டினான்’ என்று பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, நாளைக்கு என்னைவிட நல்ல நாவல் எழுதினால் நான் அவனைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது, இழுக்கவும் மாட்டேன். ராயல்டி என்னுடையது, வித்தை உலகத்துடையது. காப்புரிமையின் ஆதி தர்மமும் இதுவே. ‘உன் ரகசியத்தை எழுதிக் கொடு, இருபது வருஷம் லாபம் உனக்கு’ என்று சமுதாயம் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. எழுதிக் கொடுப்பதில் பாதியை மறைத்து, யந்திரத்துக்குள் ரகசிய எண் போட்டுப் பூட்டி, இருபது வருஷத்தையும் முழுசாக வாங்கிக்கொள்வது ஒப்பந்தத்தை மீறுவதாகும்.

அதோடு, நெருப்புப் பிடித்த தெருவில் வாளியின் விலையைப் பற்றி எவ்வளவு நேரம் பேரம் பேசுவது? இதற்கு ஒரு நடு வழி உண்டு. நாமே அதில் நடந்திருக்கிறோம். 2012-ல் ஒரு புற்றுநோய் மருந்து. ஒரு மாதத்துக்கு விலை சுமார் 2,80,000 ரூபாய். எந்த நடுத்தரக் குடும்பம் தாங்கும்? இந்தியக் காப்புரிமை அதிகாரி சட்டப்படி கட்டாய உரிமம் வழங்கினார். இந்தியக் கம்பெனி அதே மருந்தை மாதம் 8,800 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டும். கண்டுபிடித்த கம்பெனிக்கு விற்பனையில் 6 சதவிகிதம் ராயல்டி கொடுக்க வேண்டும். அடுத்த வருஷம் மேல்முறையீட்டில் அது 7 சதவிகிதமாயிற்று, உரிமம் நிலைத்தது. கண்டுபிடித்தவனும் பட்டினி கிடக்கவில்லை, நோயாளிக்கும் மருந்து எட்டியது. மருந்துக்கு இந்த நியாயம் உண்டென்றால், நோய் பிடித்த பூமிக்கு மட்டும் ஏன் இல்லை?

இவ்வளவும் பிறரைப் பற்றி. நம்மைப் பற்றிப் பேசாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும்.

1937-ல் கோயமுத்தூரில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்த நாட்டிலேயே முதன்முதலாக மின்சார மோட்டாரைச் செய்தார்கள். வெளிநாட்டு மோட்டாரைப் பார்த்து மலைத்து நிற்காமல் அதைப் பிரித்துப் பார்த்த தலைமுறை அது. அவர்களிடமிருந்தும் அவர்களைப் பார்த்தும் கற்ற பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. இன்று நம் கிணறுகளில் ஓடுகிற பம்புகளில் பெரும்பாலானவை கோயமுத்தூரில் பிறந்தவை. ஏன் அந்தத் தொழில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது? மோட்டாரைத் திறக்கலாம். திண்டுக்கல்லில் காயில் கட்டுகிற கடைக்காரர் அதன் குடலை உருவிப் போட்டு, மறுபடியும் சுற்றி, சாயங்காலத்துக்குள் ஓட வைத்துவிடுவார். அவர் எந்த மகாநாட்டுக்கும் போனதில்லை. தொழில்நுட்பப் பகிர்வு என்ற வார்த்தையைக் கேட்டதும் இருக்காது. ஆனால் பகிர்வு அவர் விரல் நுனியில் இருக்கிறது.

இப்போது சர்க்கார் மானியத்தில் சூரிய பம்பு வருகிறது. நல்ல திட்டம், வரட்டும். மோட்டாரும் தகடும் பழக்கமான சாமான்கள். நடுவில் ஒரு பெட்டி இருக்கிறது. வெயிலுக்குத் தக்கபடி மோட்டாரை ஓட்டுகிற மூளை அது. உத்தரவாத காலம் முடிந்த மறு மாதம் அந்தப் பெட்டி படுத்துக்கொண்டால் காயில் கட்டுகிறவர் என்ன செய்வார்? வரைபடம் இல்லை. உள்ளே இருக்கிற உத்தரவுகளைப் படிக்க வழியில்லை. புதுப் பெட்டி வாங்கு என்கிறார்கள். தலை நிறைய அனுபவம் உள்ள மனிதரை ஒரே ராத்திரியில் தற்குறியாக்கிவிட்டோம்.

இதற்கு டென்மார்க்கா காரணம்? ஜெர்மனியா? நாம்தான். 1977-லேயே நம் பொதுத்துறை ஸ்தாபனமான சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் இந்தியாவின் முதல் சூரியக் கலத்தைச் செய்தது. அந்தக் குழந்தையை வளர்த்தோமா? தொட்டிலிலேயே போட்டுவிட்டு வெளிநாட்டுத் தகட்டுக்கு ஏஜென்சி எடுக்க ஓடினோம். நம் முதலாளிகளில் பலருக்குத் தொழில் என்றால் இன்னமும் பெயர்ப்பலகை மாற்றி ஒட்டுவதுதான். தேசத்தின் மொத்த வருமானத்தில் ஆராய்ச்சிக்கு நாம் செலவழிப்பது நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை, 64 பைசா. இந்த லட்சணத்தில் பிறர் வீட்டு வாசலில் நின்று ‘அறிவைப் பகிர்ந்து கொடு’ என்று கேட்டால், அதற்குப் பெயர் ஒத்துழைப்பு ஆகாது, யாசகம் ஆகும்.

இன்னொரு கேள்வியும் நம்மைக் குத்த வேண்டும். 2015-ல் இந்தியாவும் பிரான்ஸும் சேர்ந்து சர்வதேசச் சூரியக் கூட்டணியை அறிவித்தன. அதன் தலைமையகம் குருகிராமில் இருக்கிறது. ஆப்பிரிக்க நாடுகள் பல அதில் அங்கத்தினர். அந்த நாடுகளுக்கு நாம் பம்பும் தகடும் அனுப்பும்போது வரைபடத்தையும் சேர்த்து அனுப்புகிறோமா? அங்கேயுள்ள பையன்களுக்குப் பழுது பார்க்கக் கற்றுக் கொடுக்கிறோமா? அல்லது நாமும் சின்ன வெள்ளைக்காரனாக மாறிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறோமா? மாமியாரைப் பற்றிப் புகார் சொல்கிற நாம் மாமியாராகாமல் இருக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. சர்க்கார் பணத்தில், மானியத்தில் இந்த மண்ணுக்கு வருகிற ஒவ்வொரு காற்றாலைக்கும் சூரிய பம்புக்கும் பாட்டரிக்கும் நாலு நிபந்தனை போடுங்கள். பழுது பார்க்கும் புத்தகம் தமிழில் அச்சாகி வர வேண்டும். வரைபடமும் ரகசிய எண்ணும் ஒரு பொது ஸ்தாபனத்தின் பெட்டகத்தில் இருக்க வேண்டும். கம்பெனி மூடிப்போனாலோ கைவிட்டாலோ பெட்டகம் திறக்கப்பட வேண்டும். நம் தொழிற்பயிற்சிப் பள்ளிகளிலும் காந்திகிராமம் போன்ற இடங்களிலும் அந்த யந்திரம் ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். மக்கள் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் பலன், எந்த நாட்டு மக்களின் பணமாக இருந்தாலும், நியாயமான ராயல்டிக்கு எல்லா நாட்டுக்கும் கிடைக்க வேண்டும். முதல் மூன்றுக்கு எந்த மகாநாட்டின் அனுமதியும் வேண்டாம். டெண்டரில் நாலு வரி சேர்த்து எழுதினால் போதும். எழுத மனம்தான் வேண்டும். நாலாவதற்கு உலகத்தோடு சண்டை போட வேண்டும். முதல் மூன்றைச் செய்து காட்டியவனுக்கே அந்தச் சண்டை போடுகிற யோக்கியதை வரும்.

காந்திகிராமத்தைச் சும்மா சொல்லவில்லை. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் அதைத் தொடங்கியபோது, படிப்பு ஊர்க்காரன் கைக்கு எட்ட வேண்டும் என்பதே நோக்கம். கிராமத்துக்கு வேண்டிய சக்தியைப் பற்றி ஆராய அங்கே ஒரு மையமும் இருக்கிறது. கோபன்ஹேகனில் பேசுகிற பேச்சுக்கும் குஜிலியம்பாறைக் கிணற்றுக்கும் பாலம் கட்ட வேண்டுமானால், அது இத்தகைய இடங்களிலிருந்துதான் கட்டப்பட வேண்டும்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் மாடியில் சூரியத் தகடு வைக்க யோசித்துக்கொண்டிருப்பீர்கள். சிலர் வைத்தே இருப்பீர்கள். விற்க வருகிற மனிதர் விலையைச் சொல்வார், மானியத்தைச் சொல்வார், இருபத்தைந்து வருஷம் உழைக்கும் என்பார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இது கெட்டுப்போனால் எங்கள் ஊர் மெக்கானிக் திறந்து பார்க்கலாமா?’ அவர் விழிப்பார். விழிக்கட்டும். பத்து வீட்டில் கேட்டால் கம்பெனிக்குச் செய்தி போகும். பதினாயிரம் வீட்டில் கேட்டால் சர்க்காருக்குப் போகும். மகாநாட்டு மேசைக்கு அந்தக் கேள்வி போய்ச் சேருவதற்கு எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.